நாற்காலி வாடகையும் மாணவர் விசாவும்

உங்கள் மகன் பிரிட்டனில் முதுகலை படிக்கிறார், முடிதிருத்தும் தொழில் கைவசம் இருக்கிறது, ஒரு சலூனில் நாற்காலி தர முன்வந்திருக்கிறார்கள். "வாரம் 20 மணி நேரத்தைத் தாண்ட மாட்டான், வரி எண்ணும் வாங்கிவிட்டான், பிறகென்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரக் கணக்கு சரியாகவே இருக்கட்டும். அவர் எந்த முறையில் வேலை செய்யப்போகிறார் என்பதுதான் இங்கே பிரச்சினை. அந்த ஊர் சலூன்களில் நாற்காலியை வாடகைக்கு எடுப்பது சாதாரண வழக்கம். வாரத்துக்கு இவ்வளவு என்று உரிமையாளருக்குக் கட்டுவார்கள், அல்லது வசூலில் ஒரு பங்கு கொடுப்பார்கள். மீதி வெட்டுபவருக்கு. சட்டத்தின் பார்வையில் இது சுயதொழில். மாணவர் விசாவில் சுயதொழில் அறவே கூடாது. வாரம் 2 மணி நேரம் செய்தாலும் விதிமீறல்தான். விடுதி அறையில் நண்பர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு முடி வெட்டுவதும் இதில் சேரும்.

வரித்துறை தரும் 10 இலக்க எண்ணை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். வருமானம் இருந்தால் வரி கட்டு என்பதற்கான எண் அது. வேலை செய்யலாமா கூடாதா என்று முடிவுசெய்வது உள்துறை. தேசியக் காப்பீட்டு எண்ணும் அப்படியே. வேலை அனுமதிக்கு அது சான்றாகாது.

உரிமையாளர் நாற்காலியை நீட்டுவதன் காரணம் எளிது: ஊழியராக வைத்தால் குறைந்தபட்ச ஊதியம், ஆண்டுக்கு 5.6 வார ஊதிய விடுப்பு, தேசியக் காப்பீட்டுப் பங்கு எல்லாம் அவர் தலையில் விழும். அவருக்கு அது செலவுக் கணக்கு. உங்கள் மகனுக்கோ விசாவே போகும் விஷயம்.

அதனால், முறையான ஊழியராக, சம்பளச் சீட்டுடன் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் அதே சலூனில் தாராளமாக வேலை செய்யலாம். ஆனால் 20 மணி வரம்பு அப்போதும் உண்டு. அதற்கு வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 25, மறுவாரம் 15 என்று சராசரி பார்க்க முடியாது. முதுகலைக்காரர்கள் கோடையை விடுமுறை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆய்வேடு எழுதும் அந்த மாதங்களும் பெரும்பாலும் படிப்புக் காலமே, அதே 20 மணி வரம்புதான்.

படிப்பு முடிந்து, அங்கேயே தங்கி வேலை பார்ப்பதற்கான கிராஜுவேட் விசா கிடைத்துவிட்டால் நாற்காலி வாடகை, சொந்தக் கடை இரண்டுக்கும் தடையில்லை. இப்போது அது 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். முனைவர் பட்டத்துக்கு மட்டும் 3 ஆண்டு. நீட்டிப்பு கிடையாது. அதன்பின் இந்தத் தொழிலை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். 2025 ஜூலை 22 முதல், முதலாளி விசாவுக்குப் பொறுப்பேற்று புதிதாக ஸ்பான்சர் செய்யும் வேலைகள் பொதுவாகப் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும். முடிதிருத்துதல் அதில் வராது. புதுத்தொழில் தொடங்குவோருக்கான விசா புதுமையான திட்டம் கேட்கும். வழக்கமான சலூன் போதாது.

ஏற்கெனவே நாற்காலியில் நின்று வேலை பார்த்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பழைய ரசீதுகளை அழிக்க வேண்டாம், அடுத்த விண்ணப்பத்தில் பொய்யும் வேண்டாம். குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்ற ஆலோசகரையோ அந்தத் துறை வழக்கறிஞரையோ பார்த்த பிறகு அடுத்த அடி வைக்கட்டும். சலூன் உரிமையாளரின் அண்ணன் சொல்லும் யோசனை வேண்டாம்.