சூடு இல்லாமல் மூலக்கூறு சேருமா? – கேள்வி பதில்

திருப்பூர், சாயப்பட்டறையிலிருந்து: ஏனுங்கண்ணா, எங்களுக்குத் தண்ணீரில் சூடு ஏற்றினால்தான் சாயம் துணியில் பிடிக்கும். ஆய்வகத்தில் அணுக்களை மைனஸ் 273 டிகிரி செல்சியஸ் பக்கத்துக்கே குளிர்வித்து மூலக்கூறு செய்கிறார்களாமே, அவ்வளவு குளிரில் அணுக்கள் எப்படிங்க மூலக்கூறாகச் சேருது?

தானாகச் சேராதுங்க. இரண்டு அணுக்கள் மட்டும் மோதினால் மிஞ்சுகிற ஆற்றலை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் பிரிந்து போய்விடும். அதனால் காந்தப்புலத்தை வைத்துச் சேர்க்கிறார்கள். பொட்டாசியம்-40, ருபீடியம்-87 கலவையில் காந்தப்புலம் சுமார் 546 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) ஆகும்போது, தனித்தனி அணுக்களின் ஆற்றலும் தளர்வான மூலக்கூற்றின் ஆற்றலும் ஒன்றாகிவிடும். அந்த இடத்தை மெதுவாகக் கடந்தால் கொஞ்சம் அணுக்கள் ஜோடி சேர்ந்துகொள்ளும். இதுதான் ஃபெஷ்பாக் ஒத்திசைவு.

ஆனால் இந்த மூலக்கூறு கிணற்று மேட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி, தொட்டால் பிரிந்துவிடும். ஆற்றல் மிகக் குறைந்த அடிமட்டத்துக்குப் போக வேண்டும். நம் பல்லடம் பக்கத்துப் பாறைக் கிணற்றில் கல்லைப் போட்டால் தண்ணீர் எப்படித் தெறிக்கும், அப்படி விழுந்தால் சேர்த்த குளிரெல்லாம் வீண். வாளியைக் கயிறு கட்டி இறக்குவது போல இரண்டு லேசர்களால் இறக்குகிறார்கள், மிஞ்சும் ஆற்றல் ஒளியாகவே வெளியே போய்விடும். 2008-இல் கொலராடோவின் போல்டரில், ஜிலா ஆய்வகத்தில் டெபோரா ஜின், ஜுன் யெ குழுவினர் இதைச் செய்து காட்டியபோது வெப்பநிலை ஒரு கெல்வினில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. எனக்கு இன்றும் பிரமிப்பு அந்த லேசர் இறக்கம்தான்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவி: மூலக்கூற்றையே நேராகக் குளிர்விக்கலாமே சார்?

சிலவற்றுக்குச் செய்கிறார்கள்மா. ஆனால் லேசர் குளிர்விப்புக்கு ஒரே ஒளியைத் திரும்பத் திரும்ப விழுங்கி உமிழ வேண்டும். மூலக்கூறு சுற்றும், அதிரும்; உமிழ்ந்த பிறகு எந்த ஆற்றல் படியில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அணுக்களிடம் அந்தத் தொல்லை குறைவு.

ஈரோடு: ஒரே வகை அணு போதாதுங்களா, எதுக்குங்க கலவை?

ஒரே வகை இரண்டு சேர்ந்தால் மின்னூட்டம் இரு பக்கமும் சமம். வேறு வேறு அணு என்றால் ஒரு பக்கம் எலக்ட்ரான் கொஞ்சம் சாயும், மின்புலத்தில் திரும்பி நிற்கும், தூரத்தில் இருக்கிற இன்னொன்றையும் இழுக்கும், தள்ளும். இத்தனை பாடும் அதற்காகத்தான்.

கோபி: சேர்ந்தது அப்படியே நிற்குமா அண்ணா?

பொட்டாசியம்-ருபீடியம் மூலக்கூறுகள் நிற்காது தம்பி, இரண்டு சந்தித்தால் அந்தக் குளிரிலும் வினை நடந்து ஜோடி மாறிக்கொள்ளும். சோடியம்-சீசியத்தில் மைக்ரோ அலையால் வேலி போட்டு நெருங்கவிடாமல் செய்து, கொலம்பியா பல்கலைக்கழகக் குழு போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு (பல துகள்கள் ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்து நிற்பது) வரைக்கும் போய்விட்டது, 2024-இல் வெளியானது.

கோபி மறுபடியும்: எத்தனை சேர்ந்தது என்று எப்படி எண்ணுவார்கள்?

பெரும்பாலும் கீழே இறக்கிய அதே லேசர்களைத் திருப்பிப் போட்டு மேலே ஏற்றி, அணுக்களாகப் பிரித்து, அவற்றின் நிழலைப் படம் பிடித்து எண்ணுவார்கள். பாடுபட்டுக் கட்டியதை அவிழ்த்துத்தான் கணக்கு!