முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவு: பிளாஸ்டரா, கம்பியா?

ஹட்டன் பக்கத் தோட்டத்தில், கொழுந்து மலையில் வழுக்கிக் காலெலும்பு முறிந்த அம்மாவுக்கு ஒபரேசன் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோல் கிழியாமல், எலும்பு 1 செ.மீ.க்கு மேல் குறுகாமல், பக்கவாட்டில் 5 பாகைக்கு மேல் வளையாமல் இருந்தால் பெரும்பாலும் பிளாஸ்டர் போதும். தொடை வரை 4–6 கிழமை, பிறகு முழங்காலுக்குக் கீழே. எலும்பு ஒன்றுசேர 3–4 மாதமாவது ஆகும். வீக்கம் வற்றினால் பிளாஸ்டர் தளர்ந்து எலும்பு நகரும். அதனால் முதல் மாதம் கிழமைக்கொரு எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள்.

எலும்புக்குள் கம்பி வைத்தால் முழங்காலையும் கணுக்காலையும் சீக்கிரம் அசைக்கலாம். லயத்துப் படிகளில் ஏறி இறங்குபவருக்கு அது பெரிய உதவி. கிருமித்தொற்று அபாயமும், பலருக்கு முழங்காலின் முன்புற வலியும் உண்டு. தோலைக் கிழித்து எலும்பு வெளியே வந்திருந்தால் ஒபரேசன்தான்.

எதுவானாலும், கால்விரலை நீட்டும்போது தாங்காத வலி வந்தால் இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.