ஜட்ஜ் ஜூடி என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் வந்தவை நிஜ வழக்குகளா?

வழக்கு நிஜம்; நீதிமன்றம்தான் செட். அமெரிக்காவில் சிறு தொகை வழக்கு போட்டவர்களைத் தயாரிப்புக் குழு தேடிப் பிடித்தது. அதை வாபஸ் வாங்கிவிட்டு, நிகழ்ச்சியின் நீதிபதி ஜூடி ஷைண்ட்லின் சொல்வதே முடிவு என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சட்டப்படி இது நடுவர் தீர்ப்பு. அவர் முன்பு நியூயார்க் குடும்ப நீதிமன்றத்தில் நிஜ நீதிபதியாக இருந்தவர். கறுப்பு அங்கி, வெள்ளை லேஸ் காலர், மழுப்பினால் பாதியிலேயே ஒரு அதட்டல்!

சரி, இவ்வளவு திட்டு வாங்க ஏன் வந்தார்கள்? பணம்தான். தீர்ப்புத் தொகையின் உச்சவரம்பு 5,000 டாலர். தோற்றவர் பையிலிருந்து ஒரு காசு போகவில்லை, நிகழ்ச்சித் தரப்பே கொடுத்துவிட்டது. அப்புறம், பின்னால் உட்கார்ந்து தலையாட்டும் பார்வையாளர்கள்கூடச் சம்பளத்துக்கு வந்த துணை நடிகர்கள். 1996 முதல் 2021 வரை இப்படியேதான் ஓடியது.