வாசகர் கேள்வி: படத்தில் பெயரை எங்கே வைப்பது?

கேள்வி: பிரெட்ரிக் கோட்டைக்குள் மேய்ந்த மானையும், கோணேசர் கோயில் மலையிலிருந்து தெரிந்த சூரிய உதயத்தையும் படமெடுத்து, அடியில் என் பெயரை எழுதி முகநூலில் இட்டிருந்தேன். பெயர் இருந்த கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டு, வேறொருவர் அவற்றைத் தம்முடைய படங்களாகப் போட்டிருக்கிறார். வெட்ட முடியாதபடி வாட்டர்மார்க் செய்வது எப்படி? அதை எங்காவது பதிவு செய்ய வேண்டுமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: பதிவு தேவையில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் உங்களுக்காக எடுத்த படம் எடுத்த கணத்திலிருந்தே உங்களுடையது. அந்த உரிமை உங்கள் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் உண்டு. வாட்டர்மார்க் உரிமையைத் தருவதில்லை, உரியவர் யாரென்று சொல்கிறது, அவ்வளவுதான்.

வெட்டவே முடியாத குறி என்று ஒன்றில்லை. வெட்டினால் படமும் கெடும்படி வைக்கலாம். மானின் படத்தில் பெயரைப் புல்லில் எழுதாமல், வயிற்றிலிருந்து கால் வரை சிறிய எழுத்தில் ஓட விடுங்கள். கண்ணை மட்டும் மறைத்துவிடாதீர்கள். உதயப் படத்தில் வெறும் வானத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் ஒரே நிறமான இடத்தில் உள்ள எழுத்தை இன்றைய அழிக்கும் செயலிகள் நொடியில் துடைத்துவிடும். பாறை வெடிப்பிலோ அலை நுரையிலோ எழுதினால், அழித்த இடம் பெரும்பாலும் கறையாகத் தெரியும். நான் தொடக்கத்தில் நடுவிலேயே பெரிதாக என் பெயரைப் போட்டு, "இது மானின் பெயரா?" என்று நண்பரிடம் கேள்வி வாங்கியவன்; ஆகவே அடக்கமாகவே எழுதுங்கள்.

செய்முறைக்கு, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளே போதும். சுமார் 2000 பிக்சல் அகலத்தில், பின்னணி ஒளிபுகும்படி புதிய கோப்பொன்றைத் திறந்து, வெள்ளை எழுத்தில் பெயரை எழுதி, மெல்லிய கருமையான விளிம்பும் கொடுங்கள். விளிம்பில்லாவிட்டால் விடியற்கால வெளிச்சத்தில் வெள்ளை எழுத்து காணாமற்போகும். பின்னர் அதைப் பிஎன்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக் ஒளிபுகும் பின்னணியைக் காப்பதில்லை என்பதால், பெயருக்குப் பின்னால் ஒரு பெட்டி ஒட்டிக்கொள்ளும். 2000 பிக்சல் எதற்கென்றால், 24 மெகாபிக்சல் கமராவின் படம் ஏறத்தாழ 6000 பிக்சல் அகலமானது. அதில் 300 பிக்சல் பெயர் இருபதில் ஒரு பங்குதான், இழுத்துப் பெரிதாக்கினாலோ மங்கிவிடும். இந்தக் கோப்பைப் படத்தின் மேல் இன்னோர் அடுக்காகத் திறந்து, அதன் அடர்த்தியை 30 சதவீதமளவுக்குக் குறைத்துப் பாருங்கள். பாறைமேல் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும்.

இதைவிட வலிய வேலி ஒன்றுண்டு: வெளியிடும் பிரதியை முதலிலேயே 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, அதன்பின் பெயரையும் அதற்கேற்பச் சிறிதாக்கி இடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அது 4 அங்குலமே வரும். அதைக்கொண்டு சுவர் நாட்காட்டி அச்சிட்டால் படம் பொடிப்பொடியாகத் தெரியும். மாற்றங்களை எப்போதும் தனிப் பிரதியிலேயே செய்து, கமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள்.

ஏற்கெனவே போனவற்றுக்கும் அந்த மூலக் கோப்பே உங்கள் சான்று: அவர் வெட்டியெறிந்த கீழ்ப்பகுதி அதில் இருக்கிறது. முதலில் அவருக்கு எழுதிக் கேளுங்கள். படத்தை எடுக்க மறுத்தால், முகநூலின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.