வீட்டு வாசல் வரைக்கும் பயணம்தான்

கேள்வி: சென்னையில் வெளியூர்ப் பேருந்துகளைக் கோயம்பேட்டிலிருந்து நகருக்கு வெளியே உள்ள கிளாம்பாக்கத்துக்கு மாற்றியபோது எழுந்த எதிர்ப்பு, எந்த மாற்றத்தையும் ஏற்காதவர்களின் முணுமுணுப்புதானே? பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறியபோதும் இப்படித்தான் புலம்பினார்கள். பிறகு பழகிவிடவில்லையா?

பதில்: பழகவில்லை, வேறு வழியின்றிப் பொறுத்துக்கொண்டார்கள். கோயம்பேடு நிலையம் 2002-இல் திறக்கப்பட்டது. மெட்ரோ ரயில் அங்கே வந்தது 2015-இல். இடைப்பட்ட 13 ஆண்டுகள் மூட்டை முடிச்சுகளோடு ஆட்டோவுக்குப் பேரம் பேசியவர்களின் சிரமம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையத்தைத் திறந்தபோதும் அதே கதைதான்: பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் அங்கு ரயில் நிலையம் இல்லை, மின்சார ரயில் ஏற வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது.

நிலையத்தை நகருக்கு வெளியே கொண்டுபோனதை நான் குறை சொல்லவில்லை. தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் பண்டிகைக் காலத்தில் பேருந்துகள் ஊர்ந்ததைப் பார்த்தவர் எவரும் சொல்லமாட்டார். ஆனால் பேருந்துக்கு வழி பார்த்த அளவுக்கு, அதிலிருந்து இறங்குபவருக்கு வழி பார்க்கவில்லை என்பதே என் வருத்தம்.

திருநெல்வேலியிலிருந்து வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை நான்கு மணி; தோளில் தூங்கும் குழந்தை, ஒரு கையில் எண்ணெய்க் கேன், மறு கையில் துணிப்பை. போக வேண்டிய இடம் திருவொற்றியூர், இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வெளியூர்ப் பேருந்து நிற்கும் இடம் வேறு, மாநகரப் பேருந்து புறப்படும் இடம் வேறு என்பதால் அந்தச் சுமையோடு முதலில் நடக்க வேண்டும். 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டென்றாலும் அது சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டுமே. அந்த நேரத்தில் வந்து நிற்பது சொகுசுப் பேருந்தானால் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். நடுவழியில் பேருந்து மாறுவதானால், குழந்தையை மறுபடி எழுப்ப வேண்டும்.

இவற்றில் எதுவும் வரைபடத்தில் தெரியாது. டிக்கெட் இயந்திரம்கூட அவர் எங்கே ஏறினார், எதுவரை சீட்டு வாங்கினார் என்பதைத்தான் சொல்லும். இறங்கியபின் எப்படி வீடு சேர்ந்தார் என்று சொல்லாது. இரவுப் பேருந்தின் நடத்துநரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மாற்றத்தை அறிவிக்கும் முன்பே அவரையும், அந்தப் பெண்ணைப் போன்ற நூறு பேரையும் உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு எழுந்த குரலை முணுமுணுப்பு என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.