கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதா? பாதத்தை மேலே இழுங்கள்

பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி இறுக்குவதை நிறுத்துங்கள். விரல்களை முழங்காலை நோக்கி மேலே இழுங்கள். படுத்தபடி தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் தளர்வுப் பயிற்சியைச் செய்யும்போது கெண்டைக்காலில் மட்டும் பிடித்துக்கொள்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இந்த மாற்றமே போதும்.

பாதம் நீண்டிருக்கும்போது கெண்டைத்தசை ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கும். அதற்கு மேலும் இறுக்கினால் பிடிப்பு எளிதில் வந்துவிடும். விரலை மேலே இழுத்தால் முன்கால் தசை வேலை செய்யும், கெண்டை நீளும்.

முழுப் பலமும் வேண்டாம். பத்தில் நாலு பங்கு போதும். 5 விநாடி இறுக்கி, சட்டென்று விடுங்கள். மெல்ல மெல்ல விட்டால் வித்தியாசமே தெரியாது. பிறகு 20 முதல் 30 விநாடி சும்மா இருங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான். தளர்வு வருவதே இந்த இடைவெளியில்தான். மூச்சை அடக்காதீர்கள்.

இன்றிரவு ஒரு காலில் மட்டும் இப்படிச் செய்து பாருங்கள். கனமான போர்வை பாதத்தைக் கீழே அழுத்துகிறதா என்றும் கவனியுங்கள். அதுவும் பாதத்தை நீட்டியே வைத்திருக்கும்.

மீறிப் பிடித்தால் முழங்காலை நீட்டி, முன்பாதத்தைக் கையால் உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அது வெறும் பிடிப்பாக இல்லாமல் இரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். அழுத்தித் தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.