சோமாரி: உரிமம் பெறாத ஒரு விளையாட்டு குறித்த கேள்வி பதில்

பழைய 8 பிட் விளையாட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளுள் சோமாரியைச் சுற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மரியோ சோனிக்கின் உலகில் ஓடும் படங்களை மீம்களில் பார்க்கிறேன். அப்படி ஒரு விளையாட்டு உண்மையிலேயே இருந்ததா, அல்லது ரசிகர்கள் பின்னாளில் செய்த வேலையா?

உண்மையிலேயே இருந்தது. சேகா நிறுவனம் 1991இல் மெகா டிரைவ் என்ற தன் 16 பிட் கன்சோலுக்காக வெளியிட்ட முதல் சோனிக் விளையாட்டை, தைவானைச் சேர்ந்த ஹம்மர் டீம் என்ற குழு, நிண்டெண்டோவின் 8 பிட் ஃபேமிகாம் கன்சோலில் ஓடும்படி 1994இல் தானாகவே உருவாக்கியது. சேகாவிடமும் அனுமதி பெறவில்லை, நிண்டெண்டோவிடமும் பெறவில்லை. கதாநாயகனாக சோனிக்குக்குப் பதில் நிண்டெண்டோவின் மரியோவை வைத்து, அவன் காலில் சோனிக்கின் தோழன் டெய்ல்ஸின் காலணிகளை மாட்டி, 'சோமாரி' என்று பெயரும் சூட்டினார்கள். அன்றைய சந்தையில் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்களின் அடையாளங்கள் ஒரே உருவத்தில் வந்து நின்றதுதான் பிற்காலத்தில் இணையம் இதைக் கொண்டாடியதற்குக் காரணம். மரியோவும் சோனிக்கும் முறைப்படி ஒரே விளையாட்டில் சேர்ந்தது 2007இல், ஒலிம்பிக் விளையாட்டுகளை மையமாகக் கொண்ட ஒரு வெளியீட்டில்தான்.

கேள்வி: ஏன் மரியோ? சோனிக்கையே வைத்திருக்கலாமே?

ஃபேமிகாம் வைத்திருந்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த முகம் மரியோ என்பதால், கேசட்டை விற்பது எளிது என்று கருதியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. மரியோவுக்குப் பதில் மீண்டும் சோனிக்கின் உருவத்தைப் பொருத்திய பதிப்புகளும் பின்னர் சந்தைக்கு வந்தன.

கேள்வி: நான் கணினி அறிவியல் படிக்கிறேன். 16 பிட் விளையாட்டை 8 பிட் கருவிக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சோமாரியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை.

மெகா டிரைவில் ஏறத்தாழ 7.6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் மோட்டோரோலா 68000 செயலியும் 64 கிலோபைட் முதன்மை நினைவகமும் உள்ளன. 1983இல் வெளிவந்த ஃபேமிகாமிலோ 1.79 மெகாஹெர்ட்ஸ் செயலியும் வெறும் 2 கிலோபைட் நினைவகமும்தான். மெகா டிரைவில் தனித்தனியே நகரும் இரண்டு பின்புலத் தளங்கள் இருப்பதால், அருகிலுள்ள புல்வெளி வேகமாகவும் தொலைவிலுள்ள மலை மெதுவாகவும் நகர்வதுபோல் எளிதில் காட்டலாம். ஃபேமிகாமில் இருப்பது ஒரே ஒரு தளம். ஒரு கிடைமட்ட வரியில் எட்டு ஸ்ப்ரைட்டுகளுக்கு (பின்புலத்தின் மேல் நகரும் சிறு உருவத் துண்டுகள்) மேல் அதனால் காட்டவும் முடியாது. ஒன்பதாவது மறைந்துவிடும் என்பதால், நிரலாளர்கள் வரிசையை மாற்றி மாற்றி வரையச் செய்கிறார்கள். அதைத்தான் நாம் உருவங்கள் சிமிட்டுவதாகப் பார்க்கிறோம்.

இவற்றைவிடப் பெரிய தடை வேகம். சோனிக்கின் உயிரே வேகம் அல்லவா? திரை நகர நகர, புதிதாகத் தெரியப்போகும் நிலப்பகுதியை வீடியோ நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபேமிகாமில் அதைப் பாதுகாப்பாகச் செய்ய ஒவ்வொரு சட்டகத்துக்கும் (திரையில் வரையப்படும் ஒவ்வொரு முழுப் படத்துக்கும்) நடுவே கிடைப்பது ஏறத்தாழ 2,270 செயலிச் சுழற்சிகள் மட்டுமே; வேகம் கூடக்கூட எழுத வேண்டியது பெருகும், நேரம் மட்டும் அப்படியே நிற்கும். மூல நிரல் கைவசம் இல்லாமல் எல்லாவற்றையும் புதிதாக எழுதிய ஒரு குழு, சரிவுகளையும் சுழல் பாதைகளையும் இந்த இடுக்குக்குள் கொண்டுவந்தது என்பதை நான் மதிக்கிறேன். அசல் முதல் பாகத்தில் இல்லாத, 1992இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அறிமுகமான, நின்ற இடத்திலேயே சுழன்று பாயும் உத்தியைக்கூடச் சேர்த்திருக்கிறார்கள்.

அதற்காக விளையாட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முடுக்கமும் தாவலும் அசலின் வழவழப்பிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கின்றன. இந்தக் குறைகளைத் திருத்த ரசிகர்கள் பின்னாளில் இதே நிரலை எடுத்துப் பழுதுபார்த்திருக்கிறார்கள் என்பதே, அடித்தளத்தில் ஏதோ மதிப்பு இருந்தது என்பதற்குச் சான்று.

கேள்வி: அனுமதி இல்லாத கேசட்டை அந்தக் கன்சோல் எப்படி ஏற்றுக்கொண்டது?

ஃபேமிகாமின் மேற்கத்தியப் பதிப்பாக விற்ற என்.இ.எஸ். கருவிக்குள் உரிமம் உள்ள கேசட்டை அடையாளம் காணும் பூட்டுச் சில்லு இருந்தது. ஆசியாவில் பரவிய 60 ஊசி ஃபேமிகாமிலும் அதன் நகல்களிலும் அது கிடையாது.

கேள்வி: சிறுவயதில் எங்கள் வீட்டு டிவி கேமில் '9999 இன் 1' கேசட் போட்டு விளையாடுவோம். அதுவும் இந்த வகைதானா?

ஆம், அதே குடும்பம். இந்தியாவில் டிவி கேம் என்று விற்ற கருவிகளில் மிகப் பல ஃபேமிகாமின் நகல்களே. அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் சில விளையாட்டுகளே பெயரும் தொடங்கும் கட்டமும் மாறித் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: 'கிராண்ட் டாட்' மீமும் ஹம்மர் டீமின் வேலையா?

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். '7 கிராண்ட் டாட்' என்பது ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் என்ற கார்ட்டூன் தொடரை வைத்து டைட்டோ நிறுவனம் செய்த விளையாட்டை எடுத்து, கதாநாயகனின் தலையை மட்டும் மரியோவின் தலையாக மாற்றிய கள்ளப் பதிப்பு. உடலும் கட்டங்களும் இசையும் பழையவையே. 2014இல் விளையாட்டுகளை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பும் வைன்சாஸ் குழுவின் ஜோயல், ஒரு நேரலையில் அந்த முகப்புத் திரையைக் கண்டு வியந்து கத்தியது மீமாயிற்று. 2016 முதல் சில்வாகன்னர் என்ற யூடியூப் சேனல், வேறு விளையாட்டுகளின் இசை என்று பெயரிட்ட காணொளிகளுக்குள் ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் மெட்டை நுழைத்து அதை நிலைபெறச் செய்தது. மீமாக அது சோமாரியைவிடப் பெரியது. ஆனால் தலையை மாற்றுவதும் ஒரு விளையாட்டை முழுமையாகத் திரும்ப எழுதுவதும் ஒரே தரத்து உழைப்பல்ல. இரண்டையும் 'கள்ளக் கேசட்' என்று ஒரே மூட்டையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: இவ்வளவு பழையதாகிவிட்டதால் இப்போது சட்டச் சிக்கல் இல்லை அல்லவா?

இருக்கிறது. பதிப்புரிமை பல பத்தாண்டுகள் நீடிக்கும். விற்பனை நின்றுவிட்டதால் உரிமை காலாவதியாவதில்லை.

கேள்வி: பார்க்க விரும்பினால் எதைக் கவனிக்க வேண்டும்?

யாரேனும் விளையாடிப் பதிவுசெய்த காணொளி போதும். அசல் சோனிக்கின் முதல் கட்டத்தையும் சோமாரியின் முதல் கட்டத்தையும் அருகருகே ஓடவிட்டு, பின்னணி மலைகள் எப்படி நகர்கின்றன, பல உருவங்கள் ஒரே வரிசையில் கூடும்போது எவை சிமிட்டுகின்றன, சுழல் பாதையில் வேகம் எங்கே தளர்கிறது ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.